ஒரு நாள் முந்திக் கேட்ட அழுகை

குக்கர் விசில்தான் முதலில் கேட்டது. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், சமுத்திரா பிளட்ஸின் மூன்றாம் மாடியில், காஸ் தீர்ந்துபோய்ப் பாணும் சம்பலுமாக நாளை ஓட்டிக்கொண்டிருந்த சுகிர்தத்தின் குசினியில், அடுப்பில் ஒன்றுமே இல்லாத நேரத்தில் குக்கர் விசிலடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் குக்கர் கழுவிக் கவிழ்த்தபடி கிடக்கிறது. மறுநாள் காஸ் வந்து, பருப்பை ஏற்றிவிட்டு அவள் கதிரையில் சாய்ந்த அதே நேரத்தில், அதே குக்கர் அதே மாதிரி விக்கி விக்கி விசிலடித்தது. "நேற்றே அடிச்சிட்டியே, இண்டைக்கு ஏன் திரும்ப அடிக்கிறாய்?" என்று அவள் குக்கரைக் கேட்டாள். கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, நேற்று அந்த விசிலுக்குப் பின்னால் இந்தக் கேள்வியும் தன் குரலிலேயே சுவருக்குள் கேட்டது.

ஏன் அப்படி நடந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வன்னியில் சண்டை இறுகிக்கொண்டு வந்த வருஷம் அது. இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான் பட்டப்பகலில் வந்து நின்று, பால்மா வாங்கப் போன பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய், போனதற்கு அடையாளமாக ஒரு செருப்பைக்கூட மிச்சம் வைக்காத நகரத்தில், நாளைய சத்தம் இன்றைக்குக் கேட்பது ஒரு பெரிய அதிசயமா என்ன? கட்டடத்துக்குள் நாளைக்கு எழப்போகிற ஒவ்வொரு சத்தமும் அதே நேரத்துக்கு இன்றைக்கே சுவரிலிருந்து வந்தது, ஈரத் துவாயால் மூடியதுபோலக் கொஞ்சம் அமுங்கி; மெல்லப் பேசுகிற பேச்சு மட்டும் அதில் பிடிபடவில்லை. அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் சனம் பழகிவிட்டது. தண்ணி மோட்டர் நாளைக்கு ஓடாது என்று தெரிந்தால் இன்றைக்கே வாளிகளை நிரப்பிவைத்தார்கள். மீன்காரன் நாளைக்குப் படியேறுவான் என்று கேட்டால் இன்றைக்கே புளியை ஊறப்போட்டார்கள். முதலாம் மாடிக் குழந்தை நாளைக்கு வாங்கப்போகிற அடிக்கு இன்றைக்கே அழுது, அழுததற்காக இன்னொரு அடி வாங்கியது.

நாளைய சத்தத்தை மாற்ற முடியுமா என்று சோதித்துப் பார்த்தவர்கள் இரண்டாம் மாடி ஜெயக்குமாரும் அவன் மனைவி வத்சலாவும். ஒரு சனிக்கிழமை பின்னேரம், தாங்கள் ஞாயிற்றுக்கிழமை பிடிக்கப்போகிற சண்டையைத் தங்கள் காதாலேயே கேட்டார்கள்; கட்டடமே கேட்டது; ஜெயக்குமாரின் தாயைப் பற்றி வத்சலா சொன்னது மொட்டைமாடிவரை கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்ன, மறுநாள் பின்னேரம் இரண்டு பேரும் புதுமணத் தம்பதிபோலக் கைகோத்துக் கடற்கரைக்கு நடந்தார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போக விடாமல், காவல் நின்ற சென்ரிக்காரன் திருப்பி அனுப்பினான். திரும்பிப் படியேறும்போது, இந்தக் கண்டறியாத யோசனை யாருடையது என்று ஒரு பேச்சு எழுந்து, பேச்சு மாமியிடம் போய், மாமி கலியாணத்தன்று சொன்ன ஒரு சொல்லிடம் போய், கதவைத் திறக்கும் நேரத்துக்கு நேற்றுக் கேட்ட சண்டை ஒரு சொல் பிசகாமல் தொடங்கிவிட்டது. அன்றோடு எல்லாருக்கும் விளங்கியது, கேட்டது கேட்டதுதான்.

அந்தச் சத்தங்களுக்குள் ஒரு நாள் சப்பாத்துச் சத்தமும் வந்தது. உண்மையைச் சொன்னால், அன்றைக்குச் சனத்துக்குக் கொஞ்சம் புளுகம், சந்தோஷம்கூட. கொழும்பில் எந்தப் பிளட்ஸுக்கு ஒரு நாள் முந்தியே தெரியும், ஆமிக்காரன் எந்த மாடிக்கு வருவான், எந்தக் கதவைத் தட்டுவான் என்று? சப்பாத்துகள் இரண்டாம் மாடியில் நிற்பது கேட்டதும், வத்சலாவோடு தங்கியிருந்த அவளுடைய தம்பி ரூபனை மறுநாள் விடியவே கொட்டாஞ்சேனையிலுள்ள சிநேகிதன் வீட்டுக்கு பஸ் ஏற்றி அனுப்பினார்கள். சப்பாத்துகள் வந்தன, தட்டின, ஒருவரையும் காணாமல் போயின. சனம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தது. ஆனால் பஸ்ஸை இடையில் மறித்திருந்தார்கள். சுவர் கட்டடத்துக்குள் நடப்பதை மட்டும்தான் சொல்லும், கேற்றுக்கு வெளியே நடப்பதற்கு அது பொறுப்பில்லை என்பதை அந்த அவசரத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. ரூபன் திரும்பி வரவில்லை. அதன் பிறகு வத்சலா யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. வேலை முடிந்த நேரமெல்லாம் சுவரில் காதை வைத்து, நாளைக்குப் படியேறுகிற காலடிகளுக்குள் தம்பியின் காலடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை மத்தியானம், சுகிர்தம் சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது, சுவருக்குள் கேற் திறந்தது. சப்பாத்துகள் வந்தன. முதலாம் மாடியில் நிற்கவில்லை, இரண்டாம் மாடியில் நிற்கவில்லை. சுகிர்தத்தின் கதவு தட்டப்பட்டது, பிறகு அது திறந்தது, உள்ளே ஏதோ கண்ணாடிச் சாமான் விழுந்து உடைந்தது, சப்பாத்துகள் இறங்கிப் போயின. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அதன் பிறகு ஒரு பெண், சொல் ஒன்றும் பிடிபடாமல், கத்தி அழுதாள்.

சுகிர்தத்தின் கையிலிருந்த சோற்றுப்பானை அப்படியே நின்றது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அரியாலையில் ஷெல் விழுந்த அன்று, புருஷனைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவளே அப்படி அழுதாள்; அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவளுக்கென்று மிஞ்சியது ஒரே மகன். அவன், மயூரதன், சாப்பாட்டு மேசையில் கோப்பைக்கு முன்னால் இருந்து தாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அந்தக் குரலைத் தெரிந்திருந்தது.

பின்னேரம் பிளட்ஸ் சங்கத் தலைவர் கனகசிங்கத்தாரின் ஹோலில் எல்லாரும் கூடினார்கள். கனகசிங்கத்தார் தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர், தண்ணிப் பிரச்சினையென்றாலும் உயிர்ப் பிரச்சினையென்றாலும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் தொடங்குவார்.

"அழுதது சுகிர்தம்தான் எண்டு எப்படிச் சொல்லுறது? எனக்கென்னவோ வத்சலாவின்ர குரல் மாதிரியும் கிடந்தது" என்றார்.

"நான் ஏன் அங்கிள் இனி அழப்போறன்?" என்றாள் வத்சலா. "எனக்கு அழுகை முடிஞ்சுது."

மயூரதனை வெளியே அனுப்புவது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீர்கொழும்பில் அவனுக்கு ஒரு வள்ளம் ஏற்பாடாகியிருந்தது, செவ்வாய்க்கிழமை இரவு இந்தியாப் பக்கம் போகிற வள்ளம். வள்ளம் நூறு வீதம் நிச்சயம். ஒழுங்கை முனை தாண்டுவதுதான் நிச்சயமில்லை. அங்கே வெள்ளை வான் மூன்று நாளாக அசையாமல் நின்றது. கடைக்குப் போகிற பெடியனையெல்லாம் மறித்து, தொப்பியைக் கழற்றச் சொல்லி முகம் பார்த்தார்கள்.

சுகிர்தம் எழுந்தாள். அழுது வீங்கிய முகம் இல்லை. கோபம் வந்த முகம்.

"அழுகைதானே கேட்டது? ஏன் அழுதனான் எண்டு கேக்கேல்லையே?" என்றாள். "நான் நாளைக்கு அழத்தான் வேணுமெண்டா அழுறன். ஆனா என்ர பிள்ளைக்காக அழமாட்டன். ஒரு செத்தவீடு வையுங்கோ."

நாலாம் மாடி வல்லிபுரத்தார்தான் முதலில் சிரித்தார். எண்பதைத் தாண்டிய, மூச்சு இழுக்கிற தொய்வுக்காரர், பிள்ளைகள் எல்லாரும் கனடாவில்; கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"அப்ப ஆள் தேடி எங்கயும் போக வேண்டாம்" என்றார். "எப்படியும் சாகத்தானே போறன். ஒருக்காப் பழகிப் பாப்பம்."

"கொள்ளி வைக்கப் பிள்ளையள் இஞ்ச இல்லை, பேரன்தான் கொள்ளிக்காரன்" என்றான் ஜெயக்குமார் மெதுவாக. "தலை, மீசை எல்லாம் வழிச்சு, வேட்டியோட வெறும் மேலாய் நிண்டா, பெட்டியோட ஒழுங்கை முனை தாண்டேக்க மயூரதனை ஆருக்குத் தெரியப்போகுது?"

கனகசிங்கத்தார் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு, "காலமை கார் நிப்பாட்டுற இடத்தில ஏதோ பாரமான சாமானை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டதெல்லோ? ஆரோ வீடு மாறப்போகினம் எண்டு நினைச்சம். அது பெட்டி" என்றார். "ஆனா ஒண்டு. சங்குச் சத்தம் கேக்கேல்லை. சேமக்கலமும் கேக்கேல்லை. கேக்காததை நாளைக்கு ஊதவும் ஏலாது, தட்டவும் ஏலாது. சங்கு இல்லாத செத்தவீடு எண்டா ஆமிக்காரனுக்குத் தெரியாது. ஆனா அவங்கள் ஆளைக் காட்டிக்குடுக்க முகம் மூடின தலையாட்டி ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்தா? அவன் எங்கட ஆள். அவனுக்குத் தெரியும்."

என்றாலும் சங்கில்லாமலே செய்வதென்று முடிவாயிற்று.

அன்று பொழுதுபடும்வரை சுகிர்தம் குசினிச் சுவரோடு இருந்தாள். நாளைக்கு இதே நேரம் மயூரதனின் குரல் கேட்கிறதா என்று பார்த்தாள். கேட்கவில்லை. கேட்காதது நல்லதா கெட்டதா? தப்பிப் போயிருந்தாலும் இங்கே அவன் குரல் இருக்காது, பிடித்துக்கொண்டு போயிருந்தாலும் இருக்காது. இரண்டுக்கும் ஒரே மௌனம். அந்த மௌனத்தைப்போல அவளை வதைத்தது வேறொன்றுமில்லை.

காலையில், பிரேதம் ஏற்றுகிற மலர்ச்சாலை வான் வந்து பெட்டியை இறக்கியது, நேற்றுக் கேட்ட அதே தடால் சத்தத்தோடு. ஜெயக்குமார் குளியலறையில் வைத்து மயூரதனின் தலையை வழித்தான். வழித்த தலையோடு அவன் வந்து நின்றபோது சுகிர்தத்துக்கு அவன் பிறந்த முடி எடுத்த நாள் கண்ணுக்குள் வந்தது. துவாயால் தலையைத் துடைத்துவிட்டாள், துடைக்கத் தேவையில்லாத இடமெல்லாம் துடைத்தாள்.

"நான் போனா நீங்கள் தனிய என்னம்மா செய்வியள்?"

"தனிய எங்கை? இந்தச் சுவர் முழுக்க ஆக்கள்தானே" என்றாள். பிறகு குரலை இறக்கி, "கவனமாக் கேள் மோனை. பெட்டி எடுக்கேக்க என்னைத் திரும்பிப் பாக்காதை. போயிட்டு வாறன் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதை. செத்தவீட்டில சொல்லிக்கொண்டு வெளிக்கிடுறேல்லை. தலையாட்டி வந்தா அதைத்தான் பாப்பான்."

"அப்ப இப்ப சொல்லட்டே?"

"இப்பவும் வேண்டாம்" என்றாள். வீட்டில் பொய்யாகவேனும் ஒரு பிரேதம் கிடக்கும்போது அந்தச் சொல்லை மகனின் வாயில் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

மத்தியானம் நெருங்க, கார் நிற்கும் இடத்தில் பெட்டிக்குள் வல்லிபுரத்தார் மூக்கில் பஞ்சோடு நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். குத்துவிளக்கு எரிந்தது. பெண்கள் தலையை விரித்துப் பெட்டியைச் சுற்றி இருந்தார்கள். மயூரதன் ஈர வேட்டியோடு கால்மாட்டில் நின்றான். சுகிர்தத்தின் வீட்டுக் கதவைப் பூட்டாமல் வந்திருந்தார்கள்; நேற்றுக் கதவு உடையும் சத்தம் கேட்கவில்லையே. சுவர்களுக்குள் புதன்கிழமையின் சத்தங்கள் கேட்டுக்கொண்டிருந்தன: யாரோ தேங்காய் துருவினார்கள், யாரோ உரத்துச் சிரித்தார்கள். நாளைக்கும் இந்தக் கட்டடத்தில் தேங்காய் துருவுவார்கள், என்ன நடந்தாலும் துருவுவார்கள் என்று நினைக்கச் சுகிர்தத்துக்கு எல்லார்மேலும் ஆத்திரம் வந்தது.

கேற் திறந்தது.

சப்பாத்துகள் பெட்டியைப் பார்த்து ஒரு கணம் தயங்கின, பிறகு படியேறின. கீழே இருந்தவர்கள் நேற்றுக் கேட்டதை இன்றைக்கு இரண்டாம் தரம் கேட்டார்கள். தட்டுகிற சத்தம். கதவு. கண்ணாடி உடைந்தது, அது ஊறுகாய்ப் போத்தல் என்று இப்போது சுகிர்தத்துக்குத் தெரிந்தது, ஏனென்றால் எலுமிச்சங்காய் மணம் படிவழியே இறங்கி வந்தது. சப்பாத்துகளும் இறங்கி வந்தன.

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியருகே வந்தான். மனிதன் மரியாதை தெரிந்தவன்தான், அதுதான் இன்னும் பயம். அவனுக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்களுக்கு நடுவில், கண்ணுக்கு மட்டும் துளைவிட்ட சாக்கால் தலையை மூடிய ஒருவன் நின்றான்.

"யார்?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டான்.

"நாலாம் மாடி ஐயா. தொய்வு" என்று கனகசிங்கத்தார் சிங்களத்தில் சொன்னார். தொண்டையைச் செருமவில்லை, வாழ்க்கையில் முதல் தடவை.

அதிகாரி சாக்குத் தலையைப் பார்த்து, மொட்டைத் தலையோடு நின்ற மயூரதனைக் கண்ணால் காட்டினான். சாக்குத் தலை மயூரதன் பக்கம் திரும்பியது. அந்தத் தலை ஒருமுறை முன்னால் குனிந்தால் போதும். மேலே பறந்துகொண்டிருந்த காகம்கூட நின்றுவிட்டது என்று பிறகு சனம் சொன்னது. கொஞ்சம் கூட்டித்தான் சொன்னது.

அப்போதுதான் வல்லிபுரத்தாரின் நெஞ்சு அசைந்தது. தொய்வு இழுக்கத் தொடங்கிவிட்டது. வேட்டிக்கு மேலே வயிறு எக்கியது, தொண்டைக் குழி துடித்தது, இதோ இருமப்போகிறார். நேற்று இருமல் கேட்கவில்லையே என்று சுகிர்தம் நினைத்தாள். நினைத்த மறுகணமே, நேற்று இந்த நேரம் தன் அழுகை மூடியதால்தான் அந்த இருமல் கேட்கவில்லை என்பதும் விளங்கியது. அவள் பெட்டிமேல் விழுந்து கத்தினாள்.

"என்ர ராசா, என்னை விட்டிட்டுப் போறியே! ஒரு சொல்லும் சொல்லாமப் போறியே, என்ர குஞ்சு, இனி எந்தக் கண்ணால நான் உன்னைக் காணப்போறன்!"

பொய்க்கு அழத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது பொய் இல்லை. அரியாலையில் வந்த அதே குரல் வந்தது. நேற்றுச் சுவரில் கேட்ட அதே குரல். இந்தப் பிள்ளை இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தக் கேற்றைத் தாண்டினால், பெண்கள் கேற்றோடு நின்றுவிட வேண்டும், தான் அதற்கு மேல் ஒரு அடியும் வைக்க முடியாது என்பது அந்த இடத்தில்தான் அவளுக்கு உறைத்தது. கிழவரின் இருமல் அவளுடைய நெஞ்சுக்குக் கீழே நசுங்கி அடங்கியது.

அதே நேரம் பக்கத்தில் இன்னொரு குரல் வெடித்தது. அழுகை முடிந்தவள் என்று சொன்ன வத்சலா. சுகிர்தத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் ஊரே கேட்கக் குழறினாள், ஆனால் அவளுடைய கண் பெட்டியில் இல்லை, பிள்ளையில் இல்லை. தலையாட்டியின் காலில் இருந்தது. றப்பர் செருப்புக்குள் இடது கால் பெருவிரலில் நகம் இல்லை. சின்ன வயதில் ஆட்டுக்கல் விழுந்து நகம் போன விரல் அது. மஞ்சள் வைத்துக் கட்டியவள் அவள்தான். ரூபன்.

சாக்குக்குள்ளிருந்த கண்கள் வத்சலாவைப் பார்த்தன. பெட்டியைப் பார்த்தன, சங்கில்லை, சேமக்கலமில்லை, பிரேதத்தின் தொண்டைக் குழி துடிக்கிறது. மயூரதனைப் பார்த்தன. மூன்றாம் மாடிக் கதவை எந்த அடிக்குப் பிறகு, எந்த இரும்புக்குப் பிறகு அவன் காட்டிக்கொடுத்தான் என்று யாருக்குத் தெரியும். ஆனால் இப்போது அவனுடைய கழுத்து மரம்போல விறைத்து நின்றது. அதிகாரி மறுபடி கேட்டான். சாக்குத் தலை முன்னால் குனியவில்லை. மெதுவாக இடமும் வலமுமாக ஆடியது.

அதிகாரி கையை அசைத்தான், எடுத்துக்கொண்டு போங்கள் என்று.

மூடியைச் சாத்தினார்கள். ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். மயூரதன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. சொன்னபடி கேட்கிற பிள்ளையாக இருந்தது அவளுக்கு அந்த ஒரு நாள்தான் பொறுக்கவில்லை. மலர்ச்சாலை வான் ஒழுங்கை முனையில் வெள்ளை வானை உரசுவதுபோலத் தாண்டித் திரும்பியது. சிப்பாய்கள் ரூபனை ஜீப்பில் ஏற்றினார்கள். ஒரே கேற்றில் நின்று இரண்டு பெண்கள் இரண்டு பக்கம் போகிற இரண்டு வாகனங்களைப் பார்த்தார்கள். அந்த அழுகையை நிறுத்த ஒருவரும் முயலவில்லை.

பின்னேரம் சுகிர்தம் ஊறுகாயைக் கூட்டி அள்ளினாள். வீடு வெறிச்சென்று கிடந்தது. வல்லிபுரத்தார் நீர்கொழும்பில் பெட்டியிலிருந்து எழுந்து பிளேன்ரீ கேட்டாராம் என்று ஜெயக்குமார் திரும்பி வந்து சொன்னான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது. கடல் என்ன செய்யும், நேவி என்ன செய்யும், அதெல்லாம் கேற்றுக்கு வெளியே.

விளக்கு வைக்கிற நேரம் சுவருக்குள் அவளுடைய போன் அடித்தது. புதன்கிழமையின் போன். அது அடித்துக்கொண்டேயிருக்க, நாளைய அவளுடைய கால்கள் குசினியிலிருந்து ஓடிவந்தன, எதிலோ இடறின, ரிசீவரை எடுத்தன. பிறகு ஒரு சத்தமும் இல்லை. மறுபக்கத்துக் குரல் சுவருக்குக் கேட்காது. கடைசியில் அவளுடைய குரல் கேட்டது, நடுங்கியபடி, ஏச்சாக:

"எருமை! இவ்வளவு நேரமும் எங்கயடா நிண்டனீ?"

சுகிர்தம் நிலத்தில் இருந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. பிள்ளை நாளைக்கு இருக்கிறான். பிறகு சட்டென்று எழுந்து கதவைத் திறந்துகொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். இந்தச் சுவர் ஒருத்திக்கு மட்டும் பேசுகிற சுவர் இல்லையே.

தட்ட முன்னமே வத்சலா கதவைத் திறந்தாள். ஒரு பக்கக் காது சிவந்து போயிருந்தது.

"கேட்டுது அக்கா" என்றாள். "நல்லா ஏசுங்கோ அவனை."

சுகிர்தம் உள்ளே போய், வத்சலா இருந்த இடத்துக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி இருந்து தானும் காதை வைத்தாள். மேலே யாரோ நாளைய கதவொன்றைச் சாத்தினார்கள், யாரோ நாளைய பைப்பைத் திறந்தார்கள். இரண்டு பேரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு போன் அடிக்க வேண்டியிருந்தது.